நூற்று நாற்பத்து மூன்று பேரின் குடும்பத் தலைவர்

"உங்கள் குடும்பத்தில் ஏற்கெனவே மூன்று சக்கர நாற்காலிகள் பாவனையில் இருப்பதால், நான்காவது நாற்காலிக்கான தங்கள் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நன்றி. ஒரே கதவு."

எழுவைதீவுக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையில் பயணிகள் படகு ஓட்டும் சந்தியோகு, நடுக்கடலில் வைத்து இந்த மெசேஜை மூன்று தரம் வாசித்தார். மூன்றாம் தரம் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது படகு தன்பாட்டில் அனலைதீவுப் பக்கம் திரும்பியிருந்தது.

அவர் வீட்டில் ஒரு சில்லுக்கதிரைகூட இல்லை. மூன்று என்ற எண்ணுக்கும் அந்த வீட்டுக்கும் இருந்த ஒரே தொடர்பு, குசினியில் கிடந்த பிளாஸ்ரிக் கதிரைக்கு மூன்று கால்தான் மிச்சம் என்பது.

கதிரை தேவைப்பட்டது அவர் மனைவி இராசாத்திக்கு. சலரோகம் முற்றி, தை மாதம் யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் அவளுடைய இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதுவரைக்கும் இறங்குதுறையின் ராணி அவள்தான். எந்த மீன் என்ன விலை, எந்த வீட்டில் என்ன சண்டை, எல்லாம் அவள் வாயால் சொன்னால்தான் ஊரில் செல்லுபடியாகும். இப்போது நாலு சுவருக்குள் கிடந்து யன்னலோடு கதைத்துக்கொண்டிருந்தாள். உயிர்த்த ஞாயிறு அன்று இரண்டு ஆம்பிளைகள் அவளைக் கதிரையோடு தூக்கிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். கதிரையின் நாலாவது கால் முறிந்தது அன்றைக்குத்தான். திரும்பி வந்ததும் அவள் ஒரு சத்தியம் செய்தாள்.

"இனி நான் வெளிக்கிட்டால் ஒண்டில் என்ரை சில்லிலை போவன், இல்லாட்டிப் பெட்டியிலை போவன். என்னை ஒருத்தரும் சீமெந்துப் பை மாதிரித் தூக்கேலாது."

கோயில் திருநாளுக்கு ஐந்து கிழமை இருந்தது. இந்தத் திருநாளுக்கு, ஊர்வலமாகக் கொண்டுபோகும் புனிதரின் சுருவத்துக்குப் பின்னால் இராசாத்தி தன் சில்லில் போகவேண்டும். சந்தியோகுவுக்கு வேறு ஆசை ஒன்றும் இல்லை.

இந்த இடத்தில் அந்த ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். எழுவைதீவில் எல்லாரிடமும் போன் உண்டு; சிக்னல்தான் இல்லை. இறங்குதுறையின் நுனியில் கொஞ்சம் வரும், கடலுக்குள் போனால் நன்றாக வரும். கடலுக்குள் ஒவ்வொரு நாளும் போகிற ஆள் சந்தியோகு. ஆகவே இருபது வருசமாக, எந்தப் படிவத்தில் 'தொலைபேசி இலக்கம்' என்று கேட்டாலும், ஊரில் முக்கால்வாசிப் பேர் சந்தியோகுவின் நம்பரைத்தான் எழுதுவார்கள். அவரும் மாட்டேன் என்று சொன்னதில்லை. பின்னேரம் படகைக் கட்டியதும் அதன் முன்நுனியில், அணியத்தில் ஏறி நின்று, வந்த மெசேஜ்களைக் கோயிலில் கலியாண ஓலை வாசிப்பதுபோல உரத்து வாசிப்பார். "சயந்தினி! மகளின்ரை கிளினிக் வியாழக்கிழமைக்கு மாத்தியாச்சாம்!" ஊர் கேட்டுக்கொள்ளும். இரகசியம் என்ற சாமானே அந்தத் தீவில் இறக்குமதியாகவில்லை.

அன்றைக்கும் வாசித்தார். பழக்க தோசம், தன்னுடையதையும் சேர்த்தே வாசித்தார். மூன்று சில்லுக்கதிரை என்றதும் இறங்குதுறையில் ஒரே சிரிப்பு.

மறுநாளே ஊர்காவற்றுறைக் கரையில் இருந்த நலச் சேவைக் கந்தோருக்குப் போனார். வாசலில் பெரிய பதாகை: 'எல்லாச் சேவைக்கும் ஒரே கதவு! வரிசை இல்லை! கடதாசி இல்லை! அலைச்சல் இல்லை!' அதற்குக் கீழே வரிசை நின்றது. வரிசையில் நின்ற எல்லார் கையிலும் கடதாசி இருந்தது.

உத்தியோகத்தர் கோபிகா நல்ல பிள்ளை. இலக்கத்தைத் தட்டிப் பார்த்தவள், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தாள்.

"ஐயா, உங்கடை குடும்பத்திலை எத்தினை பேர்?"

"ரண்டு. நானும் மனிசியும். பிள்ளையள் ரண்டும் கலியாணம் கட்டிப் போட்டினம்."

"இஞ்சை நூத்தி நாப்பத்தி மூண்டு எண்டு காட்டுது."

சந்தியோகு பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு யாருக்கும் சொல்கிறாளோ என்று.

விசயம் இதுதான். கந்தோரின் பழைய கணினிக்கு வயது இருபத்தொன்று. மின்விசிறியை நேரே பிடித்தால்தான் மூச்சு விடும். அதிலிருந்த விபரங்களையெல்லாம் புதிய 'ஒரே கதவு'க்கு மாற்றியபோது, பழையதின் தமிழ் எழுத்து புதியதுக்கு விளங்கவில்லை. பெயர்களெல்லாம் வெறும் பெட்டி பெட்டியாக வந்தன. அடையாள அட்டை இலக்கங்களில் பாதி ஒரு விதம், பாதி வேறு விதம். பிழையில்லாமல் வந்தது போன் நம்பர் மட்டும்.

"ஒரே நம்பர் எண்டால் ஒரே வீடு எண்டு அது யோசிச்சிட்டுது," என்றாள் கோபிகா. "பேரெல்லாம் பேந்து நாங்கள் இருந்து அடிச்சனாங்கள். ஆனால் குடும்பம் சேர்த்தது அதுக்கு முதலே நடந்து முடிஞ்சுது."

"அது தானாய் யோசிக்குமோ பிள்ளை?"

"அதுக்குத்தானே ஐயா அதை வாங்கினது."

யோசனை அத்தோடு நிற்கவும் இல்லை. உறவுமுறையையும் வயதைப் பார்த்து அதுவே போட்டிருந்தது. பத்து வயதுக்கு மேல் மூத்தவர்கள் தாய், தகப்பன். கிட்டமுட்ட வயது ஆண்கள் சகோதரர், பெண்கள் மனைவி. மிச்சம் எல்லாம் பிள்ளைகள். அந்தக் கணக்கில் சந்தியோகுவுக்கு ஆறு தாய், ஒன்பது மனைவி, எண்பத்தேழு பிள்ளைகள். ஊரெல்லாம் 'பாதர்' என்று கூப்பிடுகிற பங்குச் சுவாமியும் அவருக்கு மகன். இராசாத்தி ஐந்தாவது மனைவி.

"அப்ப அந்த மூண்டு கதிரை?"

"ஒண்டு தியாகலிங்கம் எண்டவருக்குக் குடுத்தது. ஒண்டு சயந்தினியின்ரை மகளுக்கு. மற்றது ஊர் மருந்தகத்துக்கு. எல்லாம் உங்கடை குடும்பம்தான்."

"தியாகலிங்கத்தார் மோசம் போய் ஒண்டரை வருசம்! மருந்தகத்துக் கதிரைக்கு ஒரு சில்லே இல்லை! சைவ மனிசர் எப்பிடி, பிள்ளை, என்ரை குடும்பமாகிறது?"

"கொம்பியூட்டர் சாதி சமயம் பாக்காது ஐயா," என்றாள் கோபிகா. அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பின்னேரம் படகு நிறைய ஆட்கள். சந்தியோகு கொதிப்பில் எல்லாவற்றையும் கொட்டினார். யார் யார் தாய், யார் யார் மனைவி என்று பெயர் பெயராகச் சொல்லி, "அரசாங்கம் எனக்குத் தந்த சீதனம் இது!" என்று கத்தினார். இறங்குதுறையில் ஒருதரமும் திரும்பச் சொன்னார். ஊர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. சிரிக்காதவர்கள் இரண்டு பேர். ஒருவர் கணவன் தியாகலிங்கம் போனபின் தனியே இருக்கும் எழுபத்து மூன்று வயது இலட்சுமிப்பிள்ளை. அவர் தலையைச் சாய்த்துக் கவனமாகக் கேட்டுவிட்டு நேரே வீட்டுக்குப் போய்விட்டார். மற்றவர் ஓய்வுபெற்ற அதிபர் நிலாந்தி ரீச்சர்.

ரீச்சருக்கு அறுபது வயது. கலியாணமே வேண்டாம் என்று முப்பத்தாறு வருசம் பள்ளிக்கூடம் நடத்தியவர். பட்டியலில் அவர் மூன்றாவது மனைவி.

வீட்டில் இராசாத்தி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அஞ்சாவது நான் எண்டால், முதலாவது ஆர்?"

"வயதுப்படி போட்டிருக்கினம் இராசாத்தி. சும்மா நம்பர்."

"கதிரை ஒண்டு வாங்கித்தா எண்டு விட்டால், எட்டுப் பொம்பிளையளைக் கொண்டு வந்து நிக்கிறியள்."

அடுத்த நாள் கந்தோரில் சந்தியோகு கேட்டார்:

"இந்தச் சனத்தை என்ரை குடும்பத்திலையிருந்து கழட்டி விட ஏலாதே?"

"ஏலும். ஆனால் காரணம் வேணும். மரணம், திருமணம், வெளிநாடு. இந்த மூண்டிலை ஒண்டு."

"அதுகள் உயிரோடைதான் இருக்குதுகள். ஊரிலைதான் இருக்குதுகள்."

"நாலாவதாய் 'வேறு' எண்டு ஒண்டு கிடக்கு. அதுக்கு உறவில்லை எண்டு சத்தியக்கடதாசி வேணும். வீட்டுக்கு ஒண்டு. உங்களைத் தவிர்த்து நாப்பத்தாறு வீடு."

"கடதாசி இல்லை எண்டு வாசலிலை தூக்கிக் கிடக்கு!"

"அது புது முறைக்கு ஐயா. இது புது முறையிலையிருந்து வெளியிலை வாறதுக்கு."

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது இதற்குப் பிறகுதான்.

கடதாசியில் என்ன எழுதுவது என்று சந்தியோகுவுக்குத் தெரியாது. நிலாந்தி ரீச்சருக்குத் தெரிந்திருந்தது. அவர் தன்னுடையதை ஏற்கெனவே எழுதி, சமாதான நீதவானின் முத்திரையும் குத்தி வைத்திருந்தார். 'மேற்படி சந்தியோகு என்பவருக்கும் எனக்கும் எக்காலத்திலும் எவ்வித உறவும் இருந்ததில்லை, இப்போதும் இல்லை, இனிமேல் ஏற்படப்போவதுமில்லை என்பதைப் பூரண சுயநினைவுடன் உறுதி செய்கின்றேன்.'

"இப்பிடித்தான் எழுதவேணும்," என்றார் ரீச்சர். "ஓட்டை இருக்கக் கூடாது."

நல்ல தமிழாக இருந்தது. சந்தியோகு அதில் பெயரை மட்டும் வெறுமையாக விட்டு நாற்பத்தைந்து பிரதி எடுத்தார். கலியாணம் கட்டாத ஒரு குமர் தனக்காக எழுதிய கடிதத்தை ஊருக்கே கொண்டுபோய் நீட்டுகிறோம் என்று அந்த மனிசனுக்கு ஏனோ உறைக்கவில்லை.

முதல் வீட்டில் சிரித்தார்கள், கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது வீட்டில், கலியாணத்துக்குத் தோழனாகச் சந்தியோகு நின்ற வீட்டில், வீட்டுக்காரர் இரண்டாம் தரம் வாசித்தார்.

"எக்காலத்திலும் எவ்வித உறவும் இருந்ததில்லையோ? அப்ப என்ரை கலியாணத்திலை தோழனாய் நிண்டது ஆர்?"

"இது கொம்பியூட்டருக்கு அண்ணை. மனசிலை எடுக்காதேங்கோ."

"கொம்பியூட்டருக்கெண்டாலும் எழுத்து எழுத்துத்தானே," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார். பேனையைத் திருப்பித் தரவில்லை.

ஏழாவது வீடு இலட்சுமிப்பிள்ளையுடையது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு. முற்றம் எப்போதும் துடைத்த கோப்பைபோல இருக்கும். அன்றைக்கு முற்றம் ஈரமாக இருந்தது. தியாகலிங்கத்தாரின் பழைய சாமான்கள் ஏதோ வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன. தேங்காய் எண்ணெய் மணந்தது. இலட்சுமிப்பிள்ளை கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"வாரும் தம்பி, வாரும். நானும் உங்கடை வீட்டைதான் வர வெளிக்கிட்டனான்—"

"பேந்து ஆறுதலாய்க் கதைப்பம் அக்கா. வெயில் ஏற முதல் இன்னும் பத்து வீடு கிடக்கு. இதிலை முதல் ஒரு கையெழுத்துப் போடுங்கோ."

"என்ன தம்பி இது?"

சந்தியோகு வாசித்தார். உரத்து, தெளிவாக, அணியத்தில் நின்று வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். 'இனிமேல் ஏற்படப்போவதுமில்லை' என்ற இடத்தில் இலட்சுமிப்பிள்ளை எண்ணெய் பட்ட கையை ஒருதரம் பார்த்தார்.

"எங்கை போடுறது?"

"இஞ்சை அக்கா. பூரண சுயநினைவுக்குக் கீழை."

போட்டார். அந்த வீட்டுக்கு எப்போது போனாலும் தேத்தண்ணி குடிக்காமல் விடமாட்டார்கள். அன்றைக்குக் கேட்கவேயில்லை. சந்தியோகு நேரம் மிச்சம் என்று அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

நாலு நாளில் நாற்பத்தைந்தும் முடிந்தது, ரீச்சருடையதோடு நாற்பத்தாறு. அந்த நாலு நாளில் இன்னொன்றும் நடந்தது. படகில் அவருக்குப் பக்கத்துப் பலகையில் ஒருவரும் இருக்கவில்லை. முந்தி ஒரு வீட்டில் கணவாய்க் கறி வைத்தால் இராசாத்திக்கென்று ஒரு கிண்ணம் வரும், அது நின்றுபோனது. மெசேஜ் வாசிக்கும்போது சனம் முகத்தைக் கடல்பக்கம் வைத்துக்கொண்டு கேட்டது.

"ஏன் ஒரு சனமும் எட்டிப் பாக்குதில்லை?" என்று இராசாத்தி கேட்டாள்.

"எல்லாருக்கும் வேலை," என்றார் சந்தியோகு.

கோபிகா கடிதங்களை ஒவ்வொன்றாகப் படம்பிடித்து உள்ளே அனுப்பினாள். ஒவ்வொரு கடிதத்தையும் அதற்குரிய ஆள் தன் போனுக்கு வரும் இரகசிய இலக்கத்தைச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும். அந்த ஆட்களின் போன் எது? சந்தியோகுவின் போன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்து இலக்கம் சொன்னார், அவள் அடித்தாள். பத்தொன்பது கடிதம் வாய்க்காலில் தண்ணிபோல ஓடியது. இருபதாவதில் திரை சிவந்தது.

கோபிகா வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது.

"'ஒரே தொலைபேசியைப் பயன்படுத்திக் குடும்பத் தலைவர் தம்மில் தங்கியிருப்போரைத் தொடர்ச்சியாகக் கைவிட முயல்வது அவதானிக்கப்பட்டுள்ளது. விசாரணை முடியும்வரை இக்குடும்பத்தின் சகல உறுப்பினர்களுக்குமான சகல சேவைகளும் இடைநிறுத்தப்படுகின்றன.'"

"சகல உறுப்பினரும் எண்டால்?"

"கழட்டின பத்தொன்பது வீட்டையும் திருப்பிச் சேர்த்துப்போட்டுது ஐயா. நூத்தி நாப்பத்தி மூண்டு பேரும்."

முதியோர் உதவி, சயந்தினியின் மகளின் கிளினிக் வாகனம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சத்துணவு அட்டை, எல்லாம் ஒரே அடியில் நின்றன. கதவு ஒன்றுதானே, பூட்டும் ஒன்று போதும். திறப்பு கொழும்பில்.

அன்று பின்னேரம் சந்தியோகு அணியத்தில் ஏறி வாசித்த மெசேஜ்தான் அவர் வாழ்க்கையில் வாசித்த ஆகச் சின்னக் குரல் மெசேஜ். ஊர் சிரிக்கவில்லை. நிலாந்தி ரீச்சர் மட்டும் முன்னுக்கு வந்தார்.

"அப்ப நான் இன்னும் மூண்டாவதுதானோ?"

"ஓம் ரீச்சர்," என்றார் சந்தியோகு. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

திருநாளுக்கு முதல் நாள் காலையில் கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது. பெயர் சசிகரன். இருபத்தொன்பது வயதுக் கணினிப் பொறியியலாளர், 'ஒரே கதவை'ச் செய்த குழுவில் ஒருவர். ஊர்காவற்றுறையில் படகில் ஏறியபோது வெள்ளைச் சேட்டோடு ஏறினார். எழுவைதீவில் இறங்கியபோது சேட்டும் முகமும் வேறு நிறம். காற்று அன்றைக்குக் கொஞ்சம் கூட.

இறங்குதுறை நுனியில் அவரை இருத்தி, தண்ணி கொடுத்து, சந்தியோகு கதையை முழுக்கச் சொன்னார். கேட்கக் கேட்க சசிகரனின் முகம் தெளிந்தது.

"ஐயா, இது சின்னப் பிரச்சினை. நீங்கள் குடும்பமே இல்லை எண்டு நான் உள்ளை போய் ஒரு குறிப்பு எழுதினால் போதும். அஞ்சு நிமிசம்."

சந்தியோகுவுக்கு அழுகை வந்துவிட்டது. அஞ்சு கிழமையாக அவர் கேட்ட முதல் நல்ல வார்த்தை அது.

சசிகரன் சந்தியோகுவின் போனில் இருந்து இணையத்தை இழுத்துத் தன் கணினியைத் திறந்தார். உள்ளே போக இரகசிய இலக்கம் கேட்டது. அது அவருடைய போனுக்கு வரவேண்டும். அவர் வைத்திருந்த கம்பனியின் சிக்னல் இறங்குதுறை நுனிக்கும் வராது. போனை உயர்த்தினார். படகில் ஏறி நின்றார். ஒரு காலில் நின்றார். ஒன்றும் வரவில்லை.

"சரி. உங்கடை போனை ஒருக்காத் தாங்கோ." கொழும்புக்கு எடுத்தார். "மச்சான், நான் இஞ்சை தீவிலை நிக்கிறன். என்ரை நம்பர் வேலை செய்யேல்லை. தற்காலிகமாய் இந்த நம்பரை என்ரை பேரிலை போட்டு விடு."

பட்டம் பெற்ற மனிதர். எழுவைதீவுச் சனம் இருபது வருசமாகச் செய்ததை, வந்து இருபது நிமிசத்தில் செய்தார்.

இலக்கம் வந்தது. உள்ளே போனார். கோப்பைத் திறந்தார். திரை அவரை வரவேற்றது.

"என்ன தம்பி, சரியோ?"

சந்தியோகு எட்டிப் பார்த்தார். 'குடும்ப உறுப்பினர் 144: சசிகரன். உறவு: மகன்.' அதற்குக் கீழே சிவப்பில்: 'உத்தியோகத்தர் எவரும் தமது சொந்தக் குடும்பத்தின் கோப்பைப் பரிசீலிக்க முடியாது. இம்முயற்சி மேலதிகாரிக்கு அறிவிக்கப்படுகிறது.'

"ஐயோ," என்றார் சசிகரன். "அடுத்த மாசம் எனக்குப் பதவியுயர்வு."

"யோசியாதையும் தம்பி. எண்பத்தேழோடை எண்பத்தெட்டு."

"பகிடி விடாதேங்கோ ஐயா! அறிவித்தல் போக இன்னும் மூண்டு நிமிசம் கிடக்கு." சசிகரன் பட்டியல் பட்டியலாகத் திறந்து, அடியில் கிடந்த ஒரு பொத்தானைக் கண்டுபிடித்தார். 'குடும்பத்தைக் கலைத்தல்.' மீளப்பெற முடியாது என்று ஓர் எச்சரிக்கை வந்தது. அதை வாசிக்கவில்லை. அமத்தினார்.

திரை பச்சையானது. சசிகரன் வானத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"முடிஞ்சுது ஐயா. எல்லாற்றை சேவையும் திறந்திட்டுது. நீங்கள் இப்ப நூத்தி நாப்பத்தி மூண்டு பேர் இல்லை."

"அப்ப நானும் இராசாத்தியும் மட்டும்?"

"அதுவும் இல்லை. நீங்கள் ஒரு குடும்பம். அம்மா ஒரு குடும்பம். ஆளுக்கு ஒரு குடும்பம்."

ஆளுக்கு ஒரு குடும்பம் என்றால் ஆளுக்கு ஒரு குடும்பம்தான். புருசன் வேறு, பெண்சாதி வேறு. போன கிழமை பிறந்த குழந்தையும் தன் குடும்பத்துக்குத் தானே தலைவர். நிலாந்தி ரீச்சருக்கு மட்டும் நீதி கிடைத்திருந்தது.

சந்தியோகு அதைப்பற்றிக் கவலைப்படவில்லை. இராசாத்தி தனிக் குடும்பம் என்றால் அந்தக் குடும்பத்தில் சில்லுக்கதிரை இல்லைத்தானே! அங்கேயே, அப்போதே, சசிகரனைக் கொண்டு புது விண்ணப்பம் போடுவித்தார். சசிகரனும் செய்த பாவத்துக்குப் பிராயச்சித்தமாக அதை 'அவசரம்' என்று குறித்து அனுப்பினார். "களஞ்சியத்திலை கதிரை கிடக்கு. சரியெண்டு வந்தால் பின்னேரமே ஊர்காவற்றுறையிலை எடுக்கலாம்," என்றார்.

பின்னேரம் சசிகரனைக் கரையில் இறக்கிவிட்டு, சந்தியோகு வெறும் படகில் காத்திருந்தார். ஐந்து மணிக்குப் போன் அடித்தது.

'தங்கள் குடும்பத்தில் சக்கர நாற்காலி எதுவும் இல்லை என்பது உறுதி செய்யப்பட்டது. எனினும், தாங்கள் தனித்து வாழ்பவராகவும் நாற்காலியைத் தள்ளுவதற்குக் குடும்பத்தில் எவரும் இல்லாதவராகவும் இருப்பதால், விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. நன்றி. ஒரே கதவு.'

இந்த மெசேஜை அவர் ஒரு தரம்தான் வாசித்தார்.

எழுவைதீவில் படகைக் கட்டியபோது, திருநாளுக்குக் கட்டிய கொடிகள் இறங்குதுறை வரைக்கும் ஆடிக்கொண்டிருந்தன. அவர் அணியத்தில் ஏறவில்லை. வாசிக்கவும் இல்லை. இராசாத்திக்கு என்ன சொல்வது? நாளைக்குச் சுருவம் வாசலைக் கடந்து போகும்போது அவள் யன்னலுக்குள் நிற்கப்போகிறாள், நிற்கவும் முடியாமல். ஐந்து கிழமை ஓடித் திரிந்து அவர் நிரூபித்ததெல்லாம், தனக்கு ஒருவரும் இல்லை, அவளுக்கும் ஒருவரும் இல்லை என்பதைத்தான். அதை மட்டும் அரசாங்கம் முழுமனதோடு ஏற்றுக்கொண்டுவிட்டது. மனிசன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு, மணலில் மெல்ல மெல்ல வீட்டுக்கு நடந்தார்.

படலைக்கு வெளியே வரும்போதே இராசாத்தியின் குரல் கேட்டது. யன்னலோடு கதைக்கிற குரல் இல்லை. இறங்குதுறையில் விலை பேசுகிற பழைய குரல்.

"மெல்ல, மெல்ல! உந்தக் கோழியை அடிச்சுப் போடாதேங்கோ!"

முற்றத்தில் இராசாத்தி சில்லுக்கதிரையில் இருந்தாள். கதிரை பளபளத்தது. சில்லு சத்தமே போடவில்லை. மாமரத்தைச் சுற்றி இரண்டாவது வட்டம் வந்துகொண்டிருந்தாள். பின்னால் நின்று தள்ளிக்கொண்டிருந்தவர் இலட்சுமிப்பிள்ளை.

சந்தியோகுவின் கையிலிருந்து செருப்பு விழுந்தது.

"இது எங்காலை?"

"உங்களைப் பிரிச்சாச்சாமே," என்றாள் இராசாத்தி, சிரிப்பை அடக்க முடியாமல். "நான் இப்ப தனிக்குடும்பம். உங்களோடை எனக்கென்ன கதை?"

"அக்கா…" சந்தியோகு இலட்சுமிப்பிள்ளையைப் பார்த்தார். கதிரையைப் பார்த்தார். சில்லின் அச்சில் தேங்காய் எண்ணெய் மணந்தது. "இது தியாகலிங்கத்தாற்றை கதிரையெல்லே? இதை முதலே தந்திருக்கலாமே அக்கா! நான் என்ன பாடெல்லாம் பட்டுப்போட்டன்!"

இலட்சுமிப்பிள்ளை கதிரையை நிறுத்தினார். இராசாத்தியின் தோளில் நழுவிய சால்வையைச் சரிசெய்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

"அரசாங்கம் எனக்கும் ஒரு மகனைத் தந்திருக்குதெண்டு கேட்ட அண்டைக்கே, இதைக் கழுவித் துடைச்சு எண்ணெய் விட்டு வைச்சனான் தம்பி. நீர்தான் வந்து, அப்பிடியொரு மகன் இல்லையெண்டு என்னட்டையே கையெழுத்து வாங்கிக்கொண்டு போனனீர்."